மேல்தாடையில் எலும்பு போதவில்லையா? இம்ப்ளான்டுக்கு முன் செய்யும் சைனஸ் லிஃப்ட், போன் கிராஃப்ட்: முழுமையான வழிகாட்டி

மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி இரண்டு மூன்று வருடம் கழித்து இம்ப்ளான்ட் (தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் செயற்கைப் பல்வேர்) கேட்டுப் போகிறவர்களில் பலருக்குக் கிடைக்கும் முதல் பதில், "எலும்பு போதாது" என்பதுதான். கீழ்த்தாடையில் இந்தப் பேச்சு இவ்வளவு அடிக்கடி வருவதில்லை. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு நேர் மேலே, மேல்தாடை எலும்புக்குள், சைனஸ் என்ற காற்றறை இருப்பதுதான் காரணம். பெரியவர்களுக்கு ஒரு பக்கத்து அறை சுமார் 12 முதல் 15 மி.லி. கொள்ளும். பல் இருக்கும்வரை மெல்லும் விசை அந்த இடத்து எலும்பைத் தாங்கிப் பிடிக்கிறது. பல் போனதும் எலும்பு இரண்டு பக்கமும் கரையத் தொடங்குகிறது: கீழே ஈறு மேடு தேய்கிறது, மேலே சைனஸின் தரை இறங்கி வருகிறது. நடுவில் மிஞ்சுவது சிலருக்கு 3 மி.மீ., சிலருக்கு அதுவும் இல்லை. மேட்டின் அகலமும் முதல் ஒரு வருடத்திலேயே ஏறக்குறைய பாதியாகிவிடும்; அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் போய்விடுகிறது.

சைனஸ் தரையின் மேல் உள்ள மெல்லிய சவ்வைத் தூக்கி, அதற்குக் கீழே எலும்பு வளர இடம் உண்டாக்குவதுதான் சைனஸ் லிஃப்ட். அந்த இடத்தில் வைக்கும் எலும்புப் பொருள் போன் கிராஃப்ட். இந்த சிகிச்சையில் ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். கிராஃப்டாகச் சின்னப் புட்டியில் வரும் வெள்ளைக் குருணை, வைத்தவுடன் எலும்பாகிவிடாது. அது சாரம். கட்டடத்துக்குச் சாரம் கட்டிக் கொடுக்கலாம். சுவர் எழுப்பும் கொத்தனார் உங்கள் உடம்புதான். ரத்தக் குழாய்கள் அந்தக் குருணைகளுக்கு இடையே நுழைந்து, பின்னால் எலும்புச் செல்கள் வந்து, புது எலும்பு படிய மாதங்கள் ஆகும். சாரம் ஆடக் கூடாது, கிருமி படக் கூடாது, ரத்தம் போய்ச் சேர வேண்டும். கீழே வரும் பத்தியங்கள் எல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

அளவு எடுப்பது

இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் வழக்கமான ஓபிஜி எக்ஸ்ரே போதாது. அது படத்தை 20 முதல் 30 சதவீதம் பெரிதாக்கிக் காட்டும். அகலத்தைக் காட்டவே காட்டாது. சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் கட்டாயம் வேண்டும். அதில் சைனஸ் முழுவதும், அதன் வடிகால் துளை உட்பட, தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். பல் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்த ஸ்கேனில் பாதி விஷயம் தெரியாது.

டாக்டரோடு உட்கார்ந்து படத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை: இம்ப்ளான்ட் வரப்போகும் ஒவ்வொரு இடத்திலும் உயரம் எத்தனை மி.மீ.? அகலம் எத்தனை? சைனஸ் சவ்வு தடித்திருக்கிறதா? வடிகால் திறந்திருக்கிறதா? உள்ளே தடுப்புச் சுவர் ஏதும் ஓடுகிறதா? ஏறக்குறைய மூன்றில் ஒரு சைனஸில் இப்படி ஒரு எலும்புத் தடுப்பு இருக்கும். அது தெரியாமல் இறங்கினால் சவ்வு கிழியும் வாய்ப்பு அதிகம். பக்கவாட்டுச் சுவரில் ரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறது. அது எந்த உயரத்தில் போகிறது, எவ்வளவு தடிமன் என்பதையும் படத்திலேயே பார்த்துவிடலாம்.

உயரத்தை வைத்து முடிவு பெரும்பாலும் இப்படிப் போகும். 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் கிராஃப்டே வேண்டாம். 6 முதல் 9 வரை இருந்தால் இம்ப்ளான்ட் துளை வழியாகவே தரையைத் தூக்கிவிடலாம், அல்லது 6 மி.மீ. நீளக் குட்டை இம்ப்ளான்டோடு முடித்துக்கொள்ளலாம். 4, 5 மி.மீ. என்றால் சைனஸின் பக்கவாட்டுச் சுவர் எலும்பில் ஜன்னல் போலத் திறந்து கிராஃப்ட் வைக்க வேண்டும். இம்ப்ளான்ட் ஆடாமல் பிடித்து நின்றால் அன்றைக்கே வைத்துவிடலாம். அதற்கும் கீழே போனால் முதலில் எலும்பு, பிறகு இம்ப்ளான்ட் என்று இரண்டு கட்டமாகச் செய்வதே பத்திரம். 2 மி.மீ. எலும்பில் அன்றைக்கே இம்ப்ளான்ட் வைத்து, பிடிப்பு இல்லாமல் அது சைனஸுக்குள் நழுவி, எடுக்க இன்னொரு ஆபரேஷன் செய்வது அவசரத்தால் வரும் வினை.

குட்டை இம்ப்ளான்ட் போதும் என்ற இடத்தில் கிராஃப்டைத் தள்ளிவிடத் தயங்க வேண்டாம். செய்யாமல் தவிர்க்க முடிந்த ஆபரேஷன்தான் நல்ல ஆபரேஷன்.

உடம்பைத் தயார் செய்வது

சர்க்கரை உள்ளவர்கள் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) அளவை 7-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு வருவது நல்லது. 8-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான டாக்டர்கள் தள்ளிப்போடச் சொல்வார்கள், அது சரியே. சிகரெட், பீடி, வாயில் ஒதுக்கும் புகையிலை மூன்றும் ரத்த ஓட்டத்தைச் சுருக்கும். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, பின்னால் குறைந்தது எட்டு வாரம் தொடாமல் இருக்க வேண்டும். மூக்குப்பொடி போடுகிறவர்களும் நிறுத்த வேண்டும். அது வரவழைக்கும் ஒவ்வொரு தும்மலும் கிராஃப்டுக்கு மேலிருந்து விழும் அடி.

எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரையோ, ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசியோ எடுத்தவர்கள், எத்தனை வருடம் எடுத்தார்கள் என்பதோடு சொல்ல வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து இவர்களுக்கு உண்டு. புற்றுநோய்க்காக ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மிக அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

மூக்கடைப்பு, கன்னத்தில் கனம், தொண்டையில் சளி இறங்குவது என்று சைனஸ் தொந்தரவு இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். பக்கத்துப் பல்லின் வேரில் சீழ் இருந்தால் அதற்கு வேர் சிகிச்சை முடிய வேண்டும். ஈறு நோய், காறை எல்லாம் ஒழிந்த வாயில்தான் கிராஃப்ட் வைக்கலாம்.

எந்தப் பொருள்

1970களில் ஹில்ட் டேட்டம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த வேலையைத் தொடங்கினார். 1980-ல் பாயின், ஜேம்ஸ் இருவரும் இதை முதன்முதலில் மருத்துவ இதழில் வெளியிட்டபோது, வைத்தது நோயாளியின் சொந்த இடுப்பெலும்பு. இன்றைக்கு ஒரு பக்க சைனஸுக்காக இடுப்பைத் தொட வேண்டியது அபூர்வம்.

சொந்த எலும்பில் உயிருள்ள செல்கள் இருப்பதால் அது சீக்கிரம் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் கரையவும் செய்யும். எடுத்த இடத்தில் இன்னொரு புண். கீழ்த்தாடையின் பின்பகுதியிலிருந்தோ, அதே ஆபரேஷனில் சைனஸ் சுவரைச் சுரண்டியோ கொஞ்சம் எடுத்துக் கலப்பது வழக்கம். மாட்டெலும்பிலிருந்து செய்த குருணை (பயோ-ஆஸ் இதில் பேர்போனது) மிக மெதுவாகக் கரையும். பல வருடம் கழித்து எடுத்த படத்திலும் தெரியும். சைனஸுக்கு இந்த மெதுவான குணமே லாபம், ஏனென்றால் மூச்சுக்காற்றின் அழுத்தம் மேலிருந்து அமுக்கிக்கொண்டே இருக்கும். மனித எலும்பு வங்கிக் குருணையும், கால்சியம் பாஸ்பேட் வகைச் செயற்கைப் பொருட்களும் உண்டு. குருணையின் அளவு பொதுவாக 0.25 முதல் 1 மி.மீ. அல்லது 1 முதல் 2 மி.மீ. பெரிய குருணைக்கு நடுவே இடைவெளி அதிகம், ரத்தக்குழாய் நுழைய வழி அதிகம். சைனஸுக்குப் பலர் அதையே விரும்புகிறார்கள். ஒரு பல் இடத்துக்கு ஜன்னல் முறையில் 1 முதல் 2 சி.சி. பிடிக்கும், மூன்று பல் இடத்துக்கு 3 முதல் 5 சி.சி.

ஜன்னலை மூடும் கொலாஜன் சவ்வு பெரும்பாலும் பன்றியிலிருந்து வருவது. மாடு, பன்றி, மனித எலும்பு இவற்றில் எதையாவது உங்கள் மதமோ மனமோ ஏற்காது என்றால், கூச்சப்படாமல் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். செயற்கைப் பொருளிலும் நல்ல பலன் கிடைக்கிறது. ஆபரேஷன் முடிந்து தெரியவந்து வருந்துவதைவிட இது மேல்.

நாற்காலியில்: ஜன்னல் முறை

ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாடிக் முதல் டோஸ் கொடுப்பார்கள். அமாக்சிசிலின், கிளாவுலானிக் ஆசிட் சேர்ந்த 625 மி.கி. மாத்திரை இங்கே சாதாரணமாக எழுதப்படுவது. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லியிருக்க வேண்டும். 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் கொண்டு ஒரு நிமிடம் கொப்பளிக்கச் சொல்வார்கள். பிறகு மரத்துப்போக ஊசி: கன்னப் பக்கம் இரண்டு மூன்று இடம், அண்ணத்தில் ஒன்று. அண்ணத்து ஊசிதான் சுருக்கென்று தைக்கும். அதற்குப் பிறகு வலி இருக்கக் கூடாது. அழுத்தமும் அதிர்வும் தெரியும்.

ஈறு மேட்டின் உச்சியில், கொஞ்சம் அண்ணத்துப் பக்கம் தள்ளிக் கீறி, முன்னால் ஒரு செங்குத்துக் கீறலும் போட்டு, ஈறை எலும்போடு ஒட்டிய படலத்தையும் சேர்த்துத் தூக்குவார்கள். கீறலைத் தள்ளிப் போடுவதற்குக் காரணம் உண்டு: தையல் வரி, ஜன்னலுக்கு நேராக விழக் கூடாது. விழுந்தால் தையல் விட்டுப்போகும் நாளில் கிராஃப்ட் வாய்க்குள் திறந்துவிடும்.

அடுத்து ஜன்னல். சைனஸ் தரையிலிருந்து 2, 3 மி.மீ. மேலே கீழ்விளிம்பு வரும்படி, ஒரு கட்டைவிரல் நகத்தளவு நீள்வட்டம். வைரத்தூள் பதித்த உருண்டை பர் (சுழன்று குடையும் முனை) என்ற கருவியோ, அதிர்வில் வெட்டும் பீசோ கருவியோ பயன்படும். பீசோ எலும்பை வெட்டும், மென்தசையை எளிதில் வெட்டாது; மெதுவானது, ஆனால் சவ்வுக்குப் பாதுகாப்பு. உப்புநீர் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் எலும்பு சூடாகிச் செத்துப்போகும். வெள்ளை எலும்பு மெலிந்து மெலிந்து, கோட்டுக்கு அடியில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியத் தொடங்கும். அதுதான் சவ்வு. அங்கே கை நிற்க வேண்டும். பச்சை முட்டையின் ஓட்டை மட்டும் உரித்து உள்தோலைக் கிழிக்காமல் விடுவதற்குச் சமமான வேலை இது. இளம் டாக்டர்கள் இதற்கு முட்டையில்தான் பழகுகிறார்கள். சாதாரணமாக இந்தச் சவ்வின் தடிமன் 1 மி.மீ.கூட இருக்காது. ஜன்னல் முழுதாகத் திறந்ததும், நோயாளி மூச்சு விட்டு வாங்கும்போது அந்தச் சவ்வு மேலும் கீழும் அசைவதைக் கண்ணால் பார்க்கலாம். அசைந்தால் கிழியவில்லை என்று நம்பிக்கை.

பிறகு வளைந்த கரண்டி போன்ற கருவிகளால் சவ்வைப் பிரிப்பது. கருவியின் நுனி எப்போதும் எலும்பின் மேலேயே உரச வேண்டும். எலும்பை விட்டு நுனி தூக்கினால் அந்தக் கணமே சவ்வில் ஓட்டை. முதலில் ஜன்னலின் ஓரம் முழுக்க, பிறகு தரை, பிறகு முன்னும் பின்னும், கடைசியாக மூக்குப் பக்கத்துச் சுவர்வரை. இந்தக் கடைசிச் சுவர்வரை போகாமல் விட்டால் அந்தப் பக்கம் எலும்பு வளராமல், இம்ப்ளான்டின் ஒரு பக்கம் காற்றில் நிற்கும். புதுக் கைகள் அதிகம் தவறுவது இங்கேதான்.

குருணையை உப்புநீரிலோ நோயாளியின் ரத்தத்திலோ நனைத்து, மூக்குப் பக்கத்துச் சுவரோரம் முதலில், பிறகு முன்னும் பின்னும், நடுப்பகுதி கடைசியில் என்று நிரப்புவார்கள். இரண்டு கட்டமாக இல்லாவிட்டால், பாதி நிரப்பிவிட்டு இம்ப்ளான்டை வைத்து மீதியை நிரப்புவார்கள். இறுக்கிக் குத்தக் கூடாது. குருணைக்கு நடுவே இடைவெளி இல்லையென்றால் ரத்தக்குழாய் எந்த வழியாக நுழையும்? அளவுக்கு மீறியும் நிரப்பக் கூடாது; சைனஸின் வடிகால் மேலே இருக்கிறது, அது அடைபட்டால் சளி தேங்கிச் சீழ்பிடிக்கும். ஜன்னலின் மேல் கொலாஜன் சவ்வை நாலாபக்கமும் 2, 3 மி.மீ. தாண்டும்படி போர்த்தி, ஈறை இழுவிசை இல்லாமல் பொருத்தித் தைத்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்.

கையிலிருந்து ரத்தம் எடுத்து, நிமிடத்துக்கு 2700 சுற்று வேகத்தில் 12 நிமிடம் சுழற்றி, மஞ்சள் நிறப் பசை போன்ற பிஆர்எஃப் செய்து கலப்பதும் உண்டு. ஈறு ஆறுவதற்கு உதவும். அதனால் எலும்பு அதிகம் வளரும் என்று வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

சவ்வு கிழிந்தால்

திறமையான கைகளிலும் இது நடக்கும்; ஜன்னல் முறையில் சுமாராகப் பத்தில் இரண்டு பேருக்கு. 5 மி.மீ.க்குள் என்றால் சுற்றிலும் இன்னும் பிரித்துத் தளர்த்தி, மேலே கொலாஜன் சவ்வு ஒட்டுப்போட்டுத் தொடரலாம். 10 மி.மீ.க்கு மேல் கிழிந்து ஒட்டும் நிற்கவில்லை என்றால், ஒன்றும் வைக்காமல் மூடிவிட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி வருவதே நேர்மை. கிழிந்த சவ்வுக்கு மேல் குருணை கொட்டினால் அது சைனஸுக்குள் மிதந்து, வடிகாலை அடைத்து, மாதக்கணக்கில் படுத்தும். "இன்றைக்கு வைக்க முடியவில்லை" என்று சொல்லும் டாக்டரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சைனஸைக் காப்பாற்றியிருக்கிறார்.

துளை வழியாகத் தூக்கும் முறை

1994-ல் சம்மர்ஸ் என்பவர் எழுதிய முறை இது. இம்ப்ளான்டுக்கான துளையைச் சைனஸ் தரைக்கு 1, 2 மி.மீ. கீழேயே நிறுத்தி, குழிந்த நுனியுள்ள கம்பியை வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டி, மெலிந்த தரையைச் சவ்வோடு சேர்த்து மேலே தூக்குவது. 3, 4 மி.மீ. கிடைக்கும். புண் சின்னது, வீக்கம் குறைவு. ஆனால் சவ்வைக் கண்ணால் பார்க்க முடியாது. கிழிந்ததா என்பது கை உணர்ச்சியில்தான். தட்டும் அதிர்வில் சிலருக்கு மறுநாள் படுக்கையில் புரண்டால் அறையே சுற்றும். காதுக்குள் இருக்கும் சமநிலைத் துகள்கள் இடம் பெயர்வதால் வருவது. பயப்பட வேண்டியதில்லை, காது டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பிச் செய்யும் எப்லி பயிற்சியில் சரியாகும். இப்போது தட்டாமல், எலும்பைச் சீவாமல் பக்கங்களில் அமுக்கிக்கொண்டு போகும் தனி வகை பர்களும், நீரழுத்தத்தில் சவ்வைத் தூக்கும் கருவிகளும் வந்துவிட்டதால் இந்தத் தலைசுற்றல் குறைந்திருக்கிறது.

முன்பற்களில் குறைவது அகலம்

முன்பக்கம் சைனஸ் இல்லை. அங்கே குறைவது அகலம். 4 மி.மீ. விட்டமுள்ள இம்ப்ளான்டுக்கு 6, 7 மி.மீ. அகலம் வேண்டும், உதட்டுப் பக்கம் மட்டும் 1.5 முதல் 2 மி.மீ. எலும்பு நிற்க வேண்டும். இல்லையென்றால் சில வருடத்தில் ஈறு இறங்கி உலோகம் தெரியும். குருணை வைத்து, மேலே கொலாஜன் சவ்வைப் போர்த்தி, சின்ன ஆணிகளால் பொருத்துவது ஒரு வழி. கீழ்த்தாடையிலிருந்து துண்டு எலும்பு எடுத்து இரண்டு திருகு போட்டு முடுக்குவது இன்னொரு வழி. ஒரு திருகு மட்டும் போட்டால் துண்டு சுழலும், சுழன்றால் பிடிக்காது. பல் பிடுங்கும் நாளிலேயே குழியில் கிராஃப்ட் வைத்து மூடினால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். இன்னும் பல் பிடுங்காதவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

மூக்கைச் சிந்தவே கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல், வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. பலூன், புல்லாங்குழல், சங்கு ஊதுவது, கபாலபாதி போன்ற மூச்சுப்பயிற்சி எல்லாம் தள்ளி வையுங்கள். விமானப் பயணத்தை இரண்டு வாரம் ஒத்திப்போடுங்கள். குனிந்து கனம் தூக்க வேண்டாம். இரண்டு தலையணை வைத்துத் தலை உயரமாகப் படுங்கள்.

முதல் நாள் கன்னத்தில் ஐஸ் ஒத்தடம், 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் விட்டு. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம் தொடும், பிறகு வடியும். கன்னத்தில் கன்றிப்போன நிறம் கழுத்துவரை இறங்கலாம். முதல் இரண்டு நாள் மூக்கில் லேசாக ரத்தம் கசிவதும் இயல்பே. உணவு ஆறிய இட்லி, குழைந்த தயிர் சாதம், கஞ்சி. மறுபக்கம் மெல்ல வேண்டும். முறுக்கு, காரம், வெற்றிலை பாக்கு ஆகாது. முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, மறுநாளிலிருந்து மெதுவாக. ஆன்டிபயாடிக்கை வலி போனதும் நிறுத்திவிடாமல், எழுதிய நாள்வரை முடியுங்கள். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன சில நாட்களுக்கு மேல் நீட்டினால் அடைப்பு திரும்ப வரும்.

கழற்றி மாட்டும் பல் செட் உள்ளவர்கள் இரண்டு வாரம் அதை மாட்டக் கூடாது. பிறகும் கிராஃப்ட் இருக்கும் இடத்தில் உள்பக்கம் குடைந்து மெத்தென்று ஆக்கிக் கொடுத்த பின்தான். விசேஷ வீட்டுக்குப் போகிறோம் என்று ஒரு நாள் மாட்டிய செட், ஆறு மாத வேலையை அமுக்கிவிடும்.

தையல் 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். இதற்கிடையில் நாலாம் நாளுக்குப் பிறகு வீக்கம் கூடினால், காய்ச்சல் வந்தால், மூக்கிலோ வாயிலோ துர்நாற்றத்தோடு மஞ்சள் சளி வந்தால், தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்தால், ரத்தம் நிற்காமல் ஓடினால், குருணை தொடர்ந்து உதிர்ந்தால் அன்றைக்கே போங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்தில் அடங்கும். விட்டால் கிராஃப்டையே சுரண்டி எடுக்க வேண்டி வரும்.

காத்திருப்பு, அதன் பிறகு

சொந்த எலும்பு கலந்திருந்தால் 4 முதல் 6 மாதம், மாட்டெலும்புக் குருணை மட்டும் என்றால் 6 முதல் 9 மாதம். பிறகு மறு ஸ்கேன். சைனஸுக்குள் கவிழ்த்த கிண்ணம் போல, ஓரம் தெளிவான வெண்மையாகத் தெரிந்தால் நல்லது. மேல்பகுதி கொஞ்சம் இறங்கியிருக்கும். அதற்காகத்தான் முதலிலேயே சற்று கூடுதலாக வைக்கிறார்கள். இம்ப்ளான்ட் வைத்த பிறகு அது எலும்போடு சேர இன்னும் 4 முதல் 6 மாதம், அதன் மேல் கேப். இரண்டு கட்டமாகப் போகிறவர்கள் மொத்தம் ஒரு வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து மூன்று வார விடுமுறையில் வந்து முடித்துப் போகும் வேலை இல்லை இது.

மேல்தாடைப் பின்பகுதி எலும்பு இயல்பிலேயே பஞ்சு போன்றது. அதனால் துளையைக் கொஞ்சம் சிறிதாகவே போட்டு இம்ப்ளான்டை இறுக்குவார்கள். முதல் கேப்பில் கடிப்பு லேசாக விட்டிருப்பார்கள். உயரம் குறைவாக இருக்கிறதே என்று ஏற்றச் சொல்லாதீர்கள். இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் நைட் கார்டு (இரவில் பல்லுக்கு மாட்டும் காப்பு உறை) கட்டாயம்.

கிராஃப்ட் புட்டி, சவ்வு, இம்ப்ளான்ட் மூன்றின் பெட்டியிலும் ஒட்டிப் பிரிக்கும் லேபிள் இருக்கும். கம்பெனி, அளவு, பேட்ச் எண் அதில் அச்சாகியிருக்கும். அவற்றை உங்கள் சிகிச்சைப் புத்தகத்தில் ஒட்டித் தரச் சொல்லி வாங்குங்கள், ஸ்கேன் சிடியையும் சேர்த்து. பத்து வருடம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டரிடம் கேப் கழன்றது என்று போனால், எந்த ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது என்று அவருக்குச் சொல்லப்போவது அந்த லேபிள்தான்.